புதுப்பிப்பு: ராக்கெட் அடுப்பு இழுக்க ஆரம்பித்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் ஷீட் உலர்த்தும் அறைக்காக டிரம்மில் கட்டிய ராக்கெட் அடுப்பு (நிமிர்ந்த உள்குழாய் சூடேறி, காற்றையும் சுடரையும் தானாக உள்ளே இழுத்து மேலே ஏற்றும் விறகு அடுப்பு), விறகு வைக்கும் வாய் வழியாகவே புகையைத் திருப்பி விடுகிறது என்று. மழை விடவில்லை, ஷீட்டில் பூசணம். பதறித்தான் போயிருந்தேன்.

முக்கியத் தவறு மணல். உள்குழாயைச் சுற்றி ஆற்று மணல் நிரப்பியிருந்தேன். மணல் சூட்டைத் தடுக்காது, குடிக்கும். குழாய் சூடேறாமல் இழுவை எங்கிருந்து வரும்? எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, நாஞ்சில் நாட்டு அரிசி ஆலை ஒன்றில் வாங்கிய உமிச்சாம்பலைக் கொட்டினேன். சாம்பல் துகள்களுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் சூடு வெளியே ஓடுவதில்லை. பற்றவைத்த 10 நிமிடத்தில் குழாய்க்குள் 'குர்ர்' என்று இரைச்சல்! அதைக் கேட்க அம்மாவையும் கூட்டிவந்தேன்.

அப்புறம் காற்று. விறகு வாயை முழுக்க அடைத்திருந்தது. பழைய கம்பித் தட்டைச் செருகி, மேலே விறகு, கீழே காற்று என்று பிரித்தேன். சுடர் இப்போது படுத்தபடி உள்ளே பாய்கிறது.

ஈரமான ரப்பர் விறகு போட்டால் இன்னும் புகைகிறது. சிரட்டையோடு கலந்து எரிக்கிறேன், பரவாயில்லை. நேற்று அறைக்குள் 50 டிகிரி. ஷீட்டின் வெள்ளைப் புள்ளிகள் மறையத் தொடங்கியிருக்கின்றன. மணலைச் சந்தேகப்படச் சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி.