கட்டிலில் திரும்பினால் தலை சுற்றுது: அம்மாவின் அனுபவம்

கோண்டாவிலிலிருந்து:

போன மாரியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலெலும்பு முறிந்தது. வயது 68. ஆறு கிழமை கட்டிலோடு. எழும்பி நடக்கத் தொடங்கி நாலைந்து நாளில், விடியப்புறம் வலப்பக்கம் திரும்பிப் படுத்தவர், "பிள்ளை, கூரை சுத்துது" என்று கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார். அரை நிமிடத்தில் சுற்று நின்றுவிட்டது. சத்திக் குணம் மட்டும் மத்தியானம் வரை இருந்தது.

பித்தம் என்று மாமி தேசிக்காய் கரைத்துக் கொடுத்தார். நான் பிரஷர் அளந்தேன், சரியாகவே இருந்தது. இப்படியே இரண்டு கிழமையைப் போக்கிவிட்டோம். அம்மா பயத்தில் இருந்தபடியே நித்திரை கொண்டதை நினைத்தால் இப்பவும் மனம் கேட்கவில்லை.

காது, மூக்கு, தொண்டை டொக்டர் அம்மாவை இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். சில நொடி ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கருவிழியும் சுழன்று துடித்ததை நானே கண்டேன். உட்காதில் இருக்கிற சுண்ணாம்புத் துகள்கள் கழன்று, தலை அசைவை உணர்கிற அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டதாம். தலை அசைய அவையும் உருளும், உலகமே சுற்றுவதாக மூளை நினைக்கும்.

"விழுந்தபோது தலை அடிபட்டதா? எத்தனை நாள் படுக்கை? முன்பு காதில் கிருமித்தொற்று? ஒற்றைத் தலைவலி?" என்று துருவிக் கேட்டார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இது கூடுதலாக வருமாம். அம்மாவுக்கு நீண்ட படுக்கை, எலும்பு மெலிவு இரண்டும். இரத்தத்தில் விட்டமின் டியும் குறைவு. இவ்வளவு வெயில் காயும் ஊரில் இருந்துகொண்டு!

துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்ற அமெரிக்க டொக்டர் எப்லி கண்ட முறையாம்: எங்கள் டொக்டர் அம்மாவின் தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, சுற்று அடங்கும்வரை பிடித்திருந்தார். அன்றிரவே அம்மா படுத்து நித்திரை கொண்டார்.

சாவகச்சேரியிலிருந்து:

அக்கா, எனக்கு 34 வயதுதான். மோட்டார் சைக்கிளால் விழுந்து தலை அடிபட்ட பிறகு இதே சுற்று. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. ஒருக்கா சுகமாகி, பத்து மாதத்தில் திரும்பவும் வந்தது.

கோண்டாவிலிலிருந்து:

தம்பி, திரும்பவும் வரலாம் என்று எங்களுக்கும் சொன்னவர். பேச்சுக் குழறினால், கை கால் விறைத்தால், இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது வேறு வருத்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அம்மா இப்போது கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புகிறார். கிணற்றடிப் பாசியை நான் கிழமைக்கொருக்கா உரஞ்சிக் கழுவுகிறேன்.