பழைய குங்ஃபூ சண்டைகள்: ஆளின் வேகம் எவ்வளவு, கேமராவின் வேகம் எவ்வளவு?

மூங்கில்காடு (கேள்வி):

ஷா பிரதர்ஸ், கோல்டன் ஹார்வெஸ்ட் ஸ்டுடியோக்களின் காலத்து ஹாங்காங் படச் சண்டைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் ஃபிலிமை ஓட்டிவிட்ட வேகம்தானே" என்று ஒரு குரல் வரும். "இல்லை, எல்லாமே நிஜ அடி" என்று உடனே எதிர்க்குரல். இரண்டையும் நம்ப முடியவில்லை.

1967 முதல் 1985 வரை வந்த படங்களை மட்டும் வைத்துக் கேட்கிறேன். ஒரு ஷாட் குறைந்த பிரேமில் எடுத்ததா என்று வீட்டுத் திரையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? அப்படி எடுத்திருந்தால் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடலாமா? டூப், ரோப் (ஆளைத் தூக்கும் கம்பி), டிராம்போலின் எல்லாம் எந்த இடத்தில் நுழைகின்றன? "பார்த்தாலே தெரியும்" என்ற பதில் வேண்டாம். எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

பிரேம்24:

எண்ணினால் தெரியும். புவியீர்ப்புக்கு ஸ்டண்ட் மாஸ்டர் கிடையாது.

தியேட்டரில் படம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம். கேமராவை 22-இல் ஓட்டி எடுத்தால் திரையில் சுமார் 9 சதவீதம் வேகம் கூடும். 20-இல் எடுத்தால் 20 சதவீதம். 18-இல் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. 22-ம் 20-ம் அன்றைய ஹாங்காங்கில் சர்வசாதாரணம். 18-க்கு இறங்கினால் ஊமைப்பட நடை வந்துவிடும். நகைச்சுவைச் சண்டைகளில் தெரிந்தேதான் அதைச் செய்தார்கள்.

இனி சோதனை. கை கால் வேகத்தை அளக்காதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். விழும் பொருளை அளங்கள். மதுக்கடைச் சண்டை என்றால் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒருவராவது விழுந்தே தீருவார். 3 மீட்டர் விழ 0.78 நொடி ஆகும். 24-இல் எடுத்திருந்தால் அது 19 பிரேம். 22-இல் 17, 20-இல் 15 அல்லது 16, 18-இல் 14. பிளேயரை நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். மேசையிலிருந்து உருளும் ஜாடியைவிட மாடியிலிருந்து விழும் ஆள் நல்ல அளவுகோல். 1 மீட்டர் வீழ்ச்சியில் 24-க்கு 11 பிரேம், 22-க்கு 10 பிரேம். ஒரே ஒரு பிரேம்தான் வித்தியாசம், அது எண்ணும் பிழையிலேயே கரைந்துவிடும்.

குதிப்பதையும் இப்படியே பார்க்கலாம். இடுப்பு அரை மீட்டர் உயர்ந்து இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் 15 பிரேம். 13-தான் வருகிறது என்றால் கேமரா மெதுவாக ஓடியிருக்கிறது. 20-ஐத் தாண்டினால் ஒன்று ஸ்லோமோஷன், இல்லையென்றால் முதுகில் கம்பி.

தவறு நடக்கும் இடங்கள்: தொப்பி, துணி, காகிதம் இவற்றை எண்ணாதீர்கள், காற்று தாங்கிவிடும். விழுபவர் கைப்பிடியை உதைத்துக் கீழ்நோக்கிப் பாய்ந்தாலும் கணக்குக் கெடும். இதைவிட முக்கியமானது, வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். ஒரு ஷாட்டை அளந்துவிட்டு முழுச் சண்டைக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பழையரீல்:

நல்ல கணக்கு. ஆனால் டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் படம் நொடிக்கு 25 பிரேமில் ஓடும், அதிலேயே 4 சதவீதம் வேகம் ஏறிவிடுகிறது. 22-இல் எடுத்த ஷாட் இந்த டிஸ்க்கில் கிட்டத்தட்ட 14 சதவீதம் வேகமாகத் தெரியும். ஆகவே பால் டிஸ்க்கை வைத்து எண்ணிப் பயனில்லை.

எண்ணாமலே சில அடையாளங்கள் உண்டு. சண்டை போடுபவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். வேடிக்கை பார்ப்பவர் தலையைத் திருப்புவது கோழி திருப்புவது போல வெட்டி வெட்டி இருந்தால் கேமரா மெதுவாக ஓடியிருக்கிறது. கண் சிமிட்டல், தலைப்பின்னலின் ஆட்டம், புழுதி அடங்கும் வேகம், இவையெல்லாம் காட்டிக்கொடுக்கும். நல்ல மாஸ்டர் இதனால்தான் வேகம் கூட்டும் ஷாட்டில் பின்னால் நிற்பவர்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிடுவார். கூட்டம் திடீரென்று பொம்மை மாதிரி உறைந்து நின்றால் அதுவும் ஒரு துப்பு.

பிரேம்24:

பாதி சரி. பால் டிஸ்க் கண்ணை ஏமாற்றும், எண்ணிக்கையை ஏமாற்றாது. ஃபிலிமின் ஒவ்வொரு பிரேமும் அதில் ஒரு முறைதான் வருகிறது, சற்று வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். 19 பிரேம் 19-ஆகவே இருக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால்தான் தப்பு வரும்.

உண்மையில் தொல்லை கொடுப்பது என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற இன்னொரு டிவி முறையின் டிஸ்க். அதில் ஃபிலிமின் 4 பிரேம் வீடியோவில் 5 ஆகிவிடும். 19-ஐ எண்ணினால் 24 அருகில் வரும், "அட, ஸ்லோமோஷன்" என்று ஏமாந்துபோவோம். ஐந்தில் இரண்டு பிரேம் சீப்புப் பல் போலக் கோடுகோடாகத் தெரிந்தால் அந்தக் கோளாறுதான். கிடைத்த எண்ணிக்கையை 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ப்ளூரே 24-இல் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

விட்டுப்போன ஒன்று, வெளிச்சம். கேமரா மெதுவாக ஓடினால் ஒவ்வொரு பிரேமும் கூடுதல் நேரம் ஒளி வாங்கும். 24-இல் நொடியில் 48-இல் ஒரு பங்கு என்றால், 20-இல் 40-இல் ஒரு பங்கு. ஒளிப்பதிவாளர் அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) கால் ஸ்டாப் அளவுக்கு மூட மறந்தால் அந்த ஷாட் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். கூடவே ஒவ்வொரு பிரேமிலும் கை இன்னும் அதிகமாகக் கலங்கித் தெரியும். "முஷ்டி கண்ணுக்கே தெரியவில்லை" என்று மெச்சும் பல இடங்களில் பாதிப் புகழ் ஷட்டருக்குப் போக வேண்டியது.

கொக்குநிலை:

கணக்கெல்லாம் சரி, ஆனால் "ஏமாற்றா" என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

குறைந்த பிரேமில் எடுப்பதற்கு முதல் காரணம் வாளும் ஈட்டியும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கோல் சுழலும்போது, பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் ஆடினால் இருவருக்கும் கட்டுப்பாடு இருக்கும். ஆனால் வேகத்தைத்தான் கேமரா கொடுக்கும், உருவத்தைக் கொடுக்காது. நிலை சரியில்லாதவனை 20-இல் எடுத்தால் சரியில்லாத நிலை வேகமாகத் தெரியும், அவ்வளவே.

சண்டை மாஸ்டராக இருந்து இயக்குநரான லாவ் கர்-லியுங்கின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஹுங் கா என்ற குங்ஃபூ பாணி பழைய ஆசான் வாங் ஃபெய்-ஹுங்கிடமிருந்து லாம் சாய்-விங், அவரிடமிருந்து தந்தை லாவ் சாம், பிறகு இவர் என்று வந்தது. அதனால் பாணி தெரிய வேண்டும் என்பதில் பிடிவாதம். அகலத் திரையில் தலை முதல் பாதம் வரை ஆளை வைப்பார், ஒரே ஷாட்டில் பத்துப் பதினைந்து அடி தடுப்புகள் போகும். 1978-இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தில் நாயகன் கோர்டன் லியு முத்துண்டுக் கோலைக் கண்டுபிடிக்கும் பகுதியைப் பாருங்கள். இரட்டைக் கத்திக்காரத் துறவியிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறார். நீளக் கோல் எட்ட நின்று அடிக்கும், உள்ளே புகுந்துவிட்டால் உதவாது. கோலை மூன்றாக ஒடித்துச் சங்கிலியால் கோத்தால் கிட்டத்திலும் அடிக்கலாம், கத்தியையும் சுற்றிப் பிடிக்கலாம். சண்டை ஒரு கணக்கைப் போட்டு விடை காண்கிறது. அதை 22-இல் எடுத்தால் என்ன, 24-இல் எடுத்தால் என்ன?

அதே ஆண்டு வந்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' இன்னும் தெளிவு. சீன ஆயுதத்துக்கு எதிரே ஜப்பானிய ஆயுதம், ஒவ்வொரு மோதலிலும் எது எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பதுதான் கதை. ஒருவர்கூடச் சாவதில்லை! 1982-இன் 'லெஜண்டரி வெப்பன்ஸ் ஆஃப் சைனா' கடைசியில் லாவும் தம்பி லாவ் கர்-விங்கும் ஆயுதம் மாற்றி மாற்றி மோதுவது ஏறக்குறைய பாடநூல்.

வேகத்தைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். அன்றைய சண்டை நடிகர்களில் பலர் பீக்கிங் ஓப்பரா என்ற சீன இசை நாடக வழியில் வந்தவர்கள். ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் யூ ஜிம்-யுவென் நடத்திய ஒரே பள்ளியின் மாணவர்கள். மேளம் அடித்து நிறுத்தும் இடத்தில் உடலும் சிலையாக நிற்கும். நான்கு அடி, ஓர் உறைவு, ஏழு அடி, ஓர் உறைவு. அந்த உறைவு இருப்பதால்தான் அடுத்த ஏழும் வேகமாகத் தெரிகின்றன. உறைவை வெட்டியெடுத்துவிட்டுப் பாருங்கள், 18-இல் எடுத்தாலும் சலசலப்பாகத்தான் இருக்கும்.

மாவுப்பொடி:

எல்லாரும் பெரிய விஷயம் பேசிட்டீங்க, நான் பட்டறைப் பக்கம் வரேன்.

அடி பட்ட மாதிரி தெரியறதுக்கு மூணு வேணும்: கோணம், பொடி, சத்தம். முகத்துக்கு விடற குத்து படறதில்ல, ஒரு கையகலம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி கேமரா பார்க்கிற கோட்டிலயே விழணும், அதாவது முஷ்டி கேமராவுக்கும் தாடைக்கும் நடுவுல கடக்கணும். நேர் பக்கவாட்டுல கேமரா வெச்சா வெற்றிடம் பளிச்சுனு தெரியும். தூர லென்ஸ் போட்டா இடைவெளி அமுங்கிடும், அகல லென்ஸைக் கிட்ட வெச்சா ஓட்டை பெருசாகும். உடம்புல விழற உதை பெரும்பாலும் நிஜமாவே படும், உள்ள பஞ்சுப்பட்டை இருக்கும்.

பொடிங்கறது சட்டைமேல தடவற வெள்ளைத் தூள். பட்ட இடத்துல புகை மாதிரி எழும்பும். கறுப்புத் துணியும் பின்னாலிருந்து வர வெளிச்சமும் இருந்தாத்தான் எடுபடும். சொதப்பல் எங்கன்னா, அடுத்த டேக்குக்கு முன்னாடி பழைய கறையைத் தட்டி எடுக்கலைன்னா, அடி விழறதுக்கு முன்னாடியே நெஞ்சுல வெள்ளை வட்டம் இருக்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்க, எத்தனையாவது டேக்குன்னு நீங்களே யோசிக்கலாம்.

சத்தம் முழுக்கப் பின்னால சேர்த்தது. அந்தக் காலத்துல படப்பிடிப்புல ஒலிப்பதிவே கிடையாது, வசனமும் டப்பிங்தான். அதனால மாஸ்டர் கேமராவுக்குப் பக்கத்துல நின்னு கத்தி எண்ணிக்கை கொடுக்கலாம். ஒரு சோதனை: சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. அப்பவும் எந்த அடி பலமானது, எது தட்டிவிட்டதுன்னு புரிஞ்சா அது நல்ல சண்டை அமைப்பு. அடி வாங்கறவர் நல்லா விழறார்னு அர்த்தம். பாதிப் பெருமை அவருக்குத்தான், ஆனா டைட்டில் கார்டுல பேரு கூட இருக்காது.

இன்னொண்ணு, ஒரே அடியை ரெண்டு கோணத்துல காட்டறப்ப வெட்டு சரியா ஒட்டியிருக்காது. முஷ்டி ரெண்டு மூணு பிரேம் பின்னாடி போய் மறுபடி வரும். தப்புன்னு நினைக்காதீங்க, தெரிஞ்சே செய்யறது. கண்ணு வெட்டைத் தாண்டறதுக்குள்ள அடி முடிஞ்சிடக் கூடாதுன்னுதான்.

பழையரீல்:

டூப், டிராம்போலின் கேள்வி பாக்கி இருக்கிறது.

டிராம்போலின் என்றால் பாதம் காணாமல் போகும். ஓடிவருபவர் கடைசி அடி வைக்கும் தருணத்தில் புதர், சுவர், மேசை ஏதோ ஒன்று காலை மறைக்கும், அல்லது படத்தின் சட்டகம் முழங்காலோடு நின்றுவிடும். அடுத்த ஷாட்டில் வானத்தில் இருப்பார், மூன்றாவதில் தரையில். கிளம்புவது, பறப்பது, இறங்குவது என்ற மூன்றும் ஒரே ஷாட்டில் வந்தால் அது உடல் வித்தை அல்லது கம்பி. இயக்குநர் கிங் ஹூ இந்த மறைப்பையே அழகாக்கிவிட்டார். 'எ டச் ஆஃப் ஜென்' மூங்கில் காட்டுச் சண்டையில் துண்டு துண்டாக, கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் ஓடிவிடும் ஷாட்கள். நிறுத்திப் பார்த்தால் தாவல் தெரியும், ஓட விட்டால் பறப்பதுதான் தெரியும்.

டூப்புக்கு அடையாளம் முகம் திரும்பும் திசை. 'என்டர் தி டிராகன்' படத்தில் ப்ரூஸ் லீ வில்லனின் அடியாள் ஓஹாராவுடன் மோதும்போது வரும் பின்குட்டிக்கரண உதை ஸ்டண்ட் நடிகர் யுவென் வா அடித்தது. குத்தும் உதையும் லீ, கரணம் மட்டும் டூப். அதே படத்தின் வில்லன் ஷிஹ் கியென் 1913-இல் பிறந்தவர், படம் வந்த 1973-இல் வயது 60. கடைசிச் சண்டை கண்ணாடி அறைக்குள் போனதில் அதற்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. கண்ணாடிகள் நடுவே மெதுவாக நடந்தாலே பதற்றம் வரும், எகிறிக் குதிக்கத் தேவையில்லை.

மூங்கில்காடு:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஹ்வாங் ஜாங்-லீ மாதிரி உதைக்காரர்களை எப்படி அளப்பது? அவர் ஜாக்கி சானுடன் மோதும் 'டிரங்கன் மாஸ்டர்' முடிவில் விழுவதற்கு மாடியும் இல்லை, ஜாடியும் இல்லை.

கொக்குநிலை:

ஊன்றிய காலைப் பாருங்கள், உதைக்கும் காலை அல்ல. உதைத்த காலைக் கீழே வைக்காமல் முழங்காலை மடக்கியபடி இடுப்பு உயரத்திலேயே நிறுத்தி, மறுபடி மறுபடி உதைப்பது அவர் கைச்சரக்கு. மடக்கிய முழங்கால் ஒவ்வொரு உதைக்குப் பின்னும் அதே உயரத்துக்கே திரும்புகிறதா? ஊன்றிய பாதம் தத்தாமல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஆளின் திறமை. கேமராவால் சமநிலையைக் கடன் கொடுக்க முடியாது. சொல்லப்போனால் மெதுவாக உதைப்பதுதான் கடினம்.

பிரேம்24:

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அதே ஷாட்டில் ஜாக்கி சான் உதை வாங்கித் தரையில் விழுவார். முதுகு இடுப்பு உயரத்தில் தொடங்கித் தரை தொடும் வரை எண்ணுங்கள். 1 மீட்டருக்கு 11. 9-தான் வந்தால் 20-இல் எடுத்தது. 10 வந்தால் அந்த ஷாட்டை விட்டுவிட்டு அடுத்த விழுதலுக்குப் போங்கள். அந்தப் படத்தில் விழுதலுக்குப் பஞ்சமில்லை.