தலைவர் பதவி 3 வருஷமா, ஆயுசு பூராவா? (அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பஞ்சாயத்து)

மஞ்சக்குப்பத்தான்:
நேத்து வேற திரியில ஒரு பெரிய மனுஷர் அருள்வாக்கு சொல்லியிருந்தாரு. "பிளாட் வாங்கறப்ப பத்திரத்துல கையெழுத்து போட்டாச்சு, இனிமே அசோசியேஷன் தலைவர் வெச்சதுதான் சட்டம், புடிக்கலன்னா வித்துட்டு போ"ன்னு. ஏன் சார், தலைவர்னா ஜமீன்தாரா? பதிவு பண்ண சங்கம்னா 1975 சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கு, கமிட்டிக்கு 3 வருஷம்தான், அதுக்கப்புறம் மறுபடி தேர்தல் வெக்கணும், வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்க மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும். எங்க பிளாக்ல, 2011ல 'தானே'ங்கற புயல் அடிச்ச வருஷம் தலைவரா உக்காந்தவர் இன்னும் எந்திரிக்கல.

லாஸ்பேட்டை வாசி:
அந்த 1975 சட்டம் தமிழ்நாட்டு சட்டம். கடலூர்-பாண்டி எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டுனா செல்லாது. பாண்டியில 1860 சட்டம், வெள்ளக்காரன் போட்டது, அதுல 3 வருஷம்ங்கற பேச்சே கிடையாது. பைலால, அதாவது சங்கத்தோட சொந்த விதிமுறையில, என்ன எழுதியிருக்கோ அதான். எந்த ஊருன்னு சொல்லாம சட்டம் பேசாதீங்க.

மஞ்சக்குப்பத்தான்:
பேர்லயே கடலூர் மஞ்சக்குப்பம் இருக்கே, கண்ணாடி போட்டு படிக்கறது.

லாஸ்பேட்டை வாசி:
நீங்க மஞ்சக்குப்பம் சார், ஆனா நீங்க திட்டற பெரிய மனுஷர் பாண்டி முத்தியால்பேட்டைக்காரர். அவருக்கு உங்க 3 வருஷம் எப்படி பொருந்தும்? முள்ளோடை. நல்லா படிங்க. முள்ளோடை.

அடுக்குமாடி அண்ணாச்சி:
நான்தான்பா அந்த பெரிய மனுஷர். பேசறவங்கள்ல ஒருத்தனுக்காவது லிப்டு மெயிண்டனன்ஸ் காண்ட்ராக்ட்ல எத்தன தடவ கையெழுத்து போடணும்னு தெரியுமா? 2011 டிசம்பர் 30 காலையில புயல் அடிச்சு கரண்ட் கம்பமெல்லாம் படுத்துக் கிடந்தப்ப ஜெனரேட்டர் வாடகைக்கு புடிச்சு மோட்டார் ஓட்டி தண்ணி ஏத்துனவன் நானு. அன்னிக்கு எவனும் பைலா கேக்கல.

முதல் மாடி முனியாண்டி:
அண்ணாச்சி, அந்த டீசல் பில்ல இன்னும் யாரும் கண்ணால பாக்கல. 😀

அடுக்குமாடி அண்ணாச்சி:
நீ மூணு மாசமா மெயிண்டனன்ஸ் கட்டல, பில்லு கேக்கற. மொதல்ல கட்டு.

டெக்சாஸ் அப்பா:
எங்க பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க எச்.ஓ.ஏ.ன்னா வீட்டு ஓனருங்க சங்கம், அதோட விதிமுறைய வீட்டு நிலத்தோட சேத்தே ரிக்கார்டு பண்ணிடுவாங்க, வீட்ட வாங்கறவன் அதுக்குள்ளதான் வர்றான், விலகறதுக்கு வழி இல்ல. பெரும்பாலும் லாப நோக்கமில்லாத கம்பெனியா பதிஞ்சிருப்பாங்க, ஓனருங்க ஓட்டு போட்டு போர்டு தேர்ந்தெடுப்பாங்க. பாக்கி வெச்சா வீட்டு மேலயே உரிமை போட்டு ஏலம் வரைக்கும் போகலாம். இங்க மாதிரி லிப்டுக்குள்ள பேர எழுதி ஒட்டி அசிங்கப்படுத்தறதில்ல.

லாஸ்பேட்டை வாசி:
ஐயா, முள்ளோடையே தாண்டாதுங்கறேன், நீங்க அட்லாண்டிக்க தாண்டறீங்க.

முதல் மாடி முனியாண்டி:
ரெண்டு பக்கமும் செல்ற மத்திய சட்டம் ஒண்ணு இருக்குல்ல? 2016 ரெரா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பாதிக்கு மேல புக் ஆனா மூணு மாசத்துல சங்கம் அமைய பில்டர் வழி பண்ணணும், ஓனரும் அதுல சேந்து ஒத்துழைக்கணும், பொது இடத்த சங்கத்து பேருக்கு எழுதிக் குடுக்கணும். எங்க பில்டர் எழுதிக் குடுத்தது தண்ணி டேங்க்கு சாவி மட்டும்தான். கீழ் தள பார்க்கிங்க தனியா வித்து காச வாங்கிட்டாரு. 2010ல சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் தனியா விக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

லாஸ்பேட்டை வாசி:
அது மும்பை கேஸு, மகாராஷ்டிரா சட்டத்த வெச்சு சொன்னது. திரும்ப அதே தப்பு. எந்த மாநிலம் எந்த சட்டம்னு பாக்காம ஆளாளுக்கு அள்ளி விடறீங்க, நான் வேலைய விட்டுட்டு இங்க உக்காந்து திருத்திக்கிட்டு இருக்கேன்.

அடுக்குமாடி அண்ணாச்சி:
பார்க்கிங்னா ஞாபகம் வருது, என் கார் எடத்துல புல்லட்டு நிறுத்தறவன் பேர சொல்லவா?

முதல் மாடி முனியாண்டி:
சொல்லுங்க. அது உங்க எடம்னு காட்ற பத்திரத்தையும் கூடவே போடுங்க.

மஞ்சக்குப்பத்தான்:
வண்டிய விடுங்கய்யா, நான் கேட்டது 3 வருஷம். கடலூர்ல 3 வருஷமா இல்லியா? ஆமா இல்லன்னு ஒத்த வார்த்த.

லாஸ்பேட்டை வாசி:
கடலூர்ல 3 வருஷம், யாரு இல்லன்னா? ஆனா அதே ஆளு மறுபடி நின்னு ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க? உங்க தலைவர் மூணு வருஷத்துக்கு ஒருக்கா தேர்தல் வெச்சதா மினிட்ஸ் நோட்டுல எழுதியிருப்பாரு, போய் பாருங்க.

மஞ்சக்குப்பத்தான்:
பாத்துட்டுதான் பேசறேன். எல்லா வருஷத்து கூட்டமும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. வந்தவங்க லிஸ்ட்டுல மூணாவது மாடி பாட்டி கையெழுத்து இருக்கு, அந்தம்மா போய் சேந்த வருஷத்துக்கு அப்புறமும் கூட்டத்துக்கு வந்திருக்காங்க.

டெக்சாஸ் அப்பா:
அதான் சொல்றேன், அமெரிக்காவுல

லாஸ்பேட்டை வாசி:
ஐயா போதும்.

மஞ்சக்குப்பத்தான்:
பதிவாளருக்கு மனு எழுதறேன், யாராச்சும் கூட கையெழுத்து போடறீங்களா?

லாஸ்பேட்டை வாசி:
நான் போட முடியாது. முள்ளோடைக்கு அந்தாண்ட.

அடுக்குமாடி அண்ணாச்சி:
மனு போடு, கோர்ட்டுக்கு போ, எங்க வேணா போ. எங்க பிளாக்ல நாளைக்கு தண்ணி லாரி காலையில ஆறு மணிக்கு வரும், மெயிண்டனன்ஸ் கட்டாதவன் குடத்த எடுத்துக்கிட்டு கீழ வரக்கூடாது. முனியாண்டி, உனக்குத்தான்.

முதல் மாடி முனியாண்டி:
அந்த தீர்மானம் எந்த பொதுக்குழுவுல பாஸ் ஆச்சு அண்ணாச்சி? பாட்டி வந்த கூட்டம் மாதிரி ஒண்ணுலயா?

லாஸ்பேட்டை வாசி:
அந்த பாட்டி கடலூர் பாட்டி. திரும்பவும் ரெண்டு ஊர போட்டு குழப்பறீங்க.