மைக்ரோ ஆர்என்ஏ: குறுவா, நுண்ணா?

உயிர்வேதியியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். இளநிலைப் பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு, அதாவது மரபணுக்களின் வேலையைத் தணிக்கும் குட்டி ஆர்என்ஏவுக்கு, எடுத்துக்காட்டு மிர்-33. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் கட்டலகு) நீளம். எஸ்ஆர்இபிஎஃப்2 மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதத்துக்குக் குறியீடு தராத இடைப்பகுதி) இருக்கிறது. செல்லில் கொலஸ்ட்ரால் குறைந்தால் அந்த மரபணு கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் கூட்டும். உடன் உருவாகும் மிர்-33, கொலஸ்ட்ராலை வெளியேற்றும் ஏபிசிஏ1 புரதத்தின் தூது ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோவது) அடக்கும். மைக்ரோ ஆர்என்ஏவைத் தமிழில் ‘குறு ஆர்என்ஏ’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
அம்மா, குறு வேண்டாம். ‘நுண்ணிய நூல்பல கற்பினும்’ என்னும்போது வள்ளுவர் அளவைச் சொல்லவில்லை, நுட்பத்தைச் சொல்கிறார். மிர்-33 எதையும் அடியோடு நிறுத்துவதில்லை, தணிக்கிறது. நுண் என்பதே பொருந்தும். தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்: ‘நுண்ணார்என்ஏ’. இன்னொன்று. நுண்மை, நுணுக்கம், நூல் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம். ஆர்என்ஏவும் ஓரிழைதானே? ‘நுண்ணிழை’ என்றால் ஆங்கில எழுத்தே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நுண்ணிழை நெசவுத் துறைக்குப் போய்விட்ட சொல். தூது ஆர்என்ஏ, கடத்து ஆர்என்ஏ என்ற குடும்பமும் சிதறிவிடும். ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியரே வேற்றுச்சொல்லுக்கு வழிவிட்டாரே.

தமிழாசிரியர்:
அவர் ஏற்றது சொல்லை. ஆர்என்ஏ சொல்லன்று, மூன்று எழுத்துகளின் பெயர்.

மருத்துவர்:
நுண்ணுக்கே என் வாக்கு. குறுக்கிடும் சிறு ஆர்என்ஏ என்று இன்னொரு வகை உண்டு, அதுவும் ஏறக்குறைய இதே நீளம். குறு என்றால் மாணவர் இரண்டையும் குழப்புவார்கள். என் கவலை வேறு: பாடத்தில் லிப்பிடு (கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, கொழுப்பு அமிலம் போன்றவற்றின் பொதுப்பெயர்) வரும் இடமெல்லாம் ‘கொழுப்பு’ என்றிருக்கிறது. கொழுப்பு என்றாலே கொலஸ்ட்ரால் என்றுதான் என்னிடம் வருபவர்கள் நினைக்கிறார்கள்; டிரைகிளிசரைடு கணக்கிலேயே வராது. மனிதருக்கு மிர்-33பி என்று ஒன்று கூடுதலாக உண்டு. அது எஸ்ஆர்இபிஎஃப்1 மரபணுவுக்குள், கொழுப்பு அமில உற்பத்தியின் பக்கம் இருக்கிறது. சுண்டெலிக்கு அது இல்லை. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். கொலஸ்ட்ராலையும் கொழுப்பு அமிலத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால் இதை எப்படி விளக்குவீர்கள்? லிப்பிடுக்கென்றே ‘கொழுமியம்’ என்ற சொல் இருக்கிறதே.

உயிர்வேதியியல் ஆசிரியை:
நன்றி டாக்டர். கொழுமியத்தை அடைப்புக்குறிக்குள் லிப்பிடு சேர்த்துப் போடுகிறேன். மற்றது ‘நுண் ஆர்என்ஏ’, பிரித்தே எழுதுகிறேன். சேர்த்தெழுதினால் மாணவர் தேடும்போது கிடைக்காது. பெரும்பாலோர் இதற்கே இசைந்திருக்கிறீர்கள்.

தமிழாசிரியர்:
நுண் வந்ததில் மகிழ்ச்சி. புணர்ச்சியை விட்டதை நான் ஒப்பவில்லை. அந்தப் பெரும்பாலோரில் என்னைச் சேர்க்க வேண்டாம்.