மறு: ‘ரீடெல்லிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> இதிகாசக் கதையை வேறொருவர் பார்வையில் எழுதும் நாவலை ‘மறுகூறல்’ என்றே சொல்லலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்வதாக அல்லவா பொருள் வருகிறது? நன்னூல் இலக்கணம் நூல்களுக்கு ஆகாதவை என்று அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று. ‘மறுவாசிப்பு’ம் பொருந்தாது, அது வாசகர் செய்கிற வேலை.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘இரண்டாம் இடம்’ பற்றிப் பேசினோம். மலையாளத்தில் 1984இல் ‘ரண்டாமூழம்’ என்று வந்த நாவல். (ஊழம் என்றால் முறை. பழந்தமிழில் ‘ஊழ்’ என்பதற்கும் அந்தப் பொருள் உண்டு.) அழைப்பில் ‘பீமன் பார்வையில் மகாபாரதம்’ என்று நான்தான் போட்டேன். பீமன் வாயுவின் மகன் இல்லை, ஒரு காட்டாளனுக்குப் பிறந்தவன் என்று தெரியவரும் இடத்துக்குப் பேச்சு வந்ததும், பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். “வியாசரைத் திருத்த இவர் யார் தம்பி?” என்றார். கல்லூரி மாணவி ஒருத்தி, “தாத்தா, எனக்குப் பீமன்மேல் இப்போதுதான் பாவமாக இருக்கிறது” என்றாள். அவர் உட்காரவில்லை. மகாபாரதம் என்று சொல்லி அழைத்தேன், அவர் மகாபாரதத்தைத் தேடினார். அவர்மேல் என்ன தப்பு?

அப்புறம்தான் நன்னூலைப் புரட்டினேன். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்ப்பது வழிநூல். கம்பர் அப்படித்தான் செய்தார். இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு பெயர்த்தெடுக்கிறான், ஆனாலும் கதை வால்மீகி முடித்த இடத்துக்கே போகிறது. அடுத்தது, ‘திரிபுவேறு உடையது புடைநூல்’. நாவல்களை வைத்துச் சொன்னது அல்ல, இருந்தாலும் பீமன் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. புடை என்றால் பக்கம். நடுவில் நிற்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனைப் பேசவைக்கும் கதை.

ஆகவே என் பரிந்துரை: புடைப்புனைவு. சிறுகதைக்கும் பொருந்தும். அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசன’த்தையும் இதில் சேர்க்கலாம்.

> புடை என்றதும் வீக்கம்தானே நினைவுக்கு வரும்?

எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் ‘தொண்டர்கள் புடைசூழ’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாரும் வீக்கத்தை நினைப்பதில்லையே. நடுவில் ‘ப்’ மட்டும் கட்டாயம் வேண்டும். அதை விட்டால் வினைத்தொகையாகி, புடைத்த புனைவு என்று ஆகிவிடும்.

அடுத்த கூட்டத்துக்கான அழைப்பில் ‘பீமனின் புடைப்புனைவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.