மைக்ரோவேவில் தண்ணீர் சூடாவது ஒத்ததிர்வாலா?

செம்பனைத்தம்பி (சுங்கை சிப்புட்):
டியூஷனில் மின் இருமுனை பாடம் முடிந்தது. அடுப்பின் அலை ஊசலாடும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான் நீர்மூலக்கூறின் சொந்த அதிர்வெண், இரண்டும் பொருந்தி ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வால்தான் மைக்ரோவேவில் தண்ணீர் சூடாகிறது என்றார் ஆசிரியர். சரியா அண்ணே?

பால்மரம்:
இல்லை தம்பி. நீர்மூலக்கூறு ஓர் இருமுனை, அதாவது ஒரு முனையில் நேர்மின், மறுமுனையில் எதிர்மின். எங்கும் ஒரே அளவும் திசையும் கொண்ட ஒருசீர் மின்புலம் அதன் இரு முனைகளையும் சமமாக எதிரெதிரே இழுப்பதால் நிகர விசை சுழி. திருப்பப் பார்க்கும் முறுக்குவிசை மட்டும் மிஞ்சும். புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும்போது முறுக்கு அதிகம், புலத்தோடு ஒரே திசையில் நின்றால் இல்லை. அடுப்பில் புலம் வினாடிக்கு 245 கோடி தடவை ஊசலாடுகிறது. மூலக்கூறு அதன் போக்கில் திரும்பப் பார்க்கும், அக்கம்பக்கம் விடாது, பின்தங்கும். அந்த உரசல்தான் சூடு.

கோப்பிக்கடை:
ஒத்துக்கொள்ள முடியாது. நீர்மூலக்கூறுக்கு 22 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு, அதாவது ஆற்றலைக் கூர்மையாக வாங்கும் அதிர்வெண், இருக்கிறதே! ஒத்ததிர்வு இல்லையென்றால் குழம்பு கொதிக்கும்போது பீங்கான் தட்டு மட்டும் ஏன் சும்மா இருக்கிறது?

பால்மரம்:
அந்தக் கோடு நீராவிக்கு. ஆவியில் மூலக்கூறு தனியாகச் சுழலும். திரவத்தில் தைப்பூசக் கூட்டம் மாதிரி, பக்கத்து ஆளை இடிக்காமல் திரும்ப முடியாது. அதனால் கூர்மையான கோடு கிடையாது, பல அதிர்வெண்களில் பரந்து ஆற்றலை வாங்கும் அகன்ற மேடு. சாதாரண வெப்பநிலையில் அதன் உச்சம் 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வரும், 2.45 அதற்கு வெகு கீழே. தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் அடுப்பும் தண்ணீரைச் சூடாக்குகிறது. பீங்கானில் அப்படித் திரும்பக்கூடிய இருமுனை இல்லை, அவ்வளவுதான்.

லயத்துவீட்டுக்காரி:
நேற்று ஐஸ்பெட்டிக் கோழியை அப்படியே 5 நிமிடம் வைத்தேன். ஓரம் வெந்து வெளுத்துவிட்டது, நடுவில் கத்தியே இறங்கவில்லை. ஐஸும் தண்ணீர்தானே?

பால்மரம்:
நல்ல சாட்சி அக்கா! ஐஸில் மூலக்கூறுகள் பூட்டுப் போட்டு நிற்கின்றன. அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாததால் ஐஸ் மிகக் குறைவாகவே சூடேறும். ஓரத்தில் கொஞ்சம் உருகியதும் அந்தத் தண்ணீரே ஆற்றலை வாங்கிக்கொள்கிறது.

கோப்பிக்கடை:
சரி, கோழிக்கு முன்னால் என் வாதம் நிற்கவில்லை. ஆனால் உச்சம் 20 பக்கம் என்றால் அடுப்பையும் அங்கேயே வைக்க வேண்டியதுதானே?

பால்மரம்:
வைத்தால் மேல்தோலே எல்லாவற்றையும் விழுங்கிவிடும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். 2.45இல் அலை ஓரிரு சென்டிமீட்டராவது உள்ளே போகிறது. அக்கா, அடுத்த தடவை பனிநீக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது விட்டு விட்டு ஓடும். இடைவேளையில் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும்.