பெரியப்பா கால் அப்டேட்ஸ்

முரளி: இன்னைக்கு எக்ஸ்ரே பாத்தாச்சு. ஒடஞ்ச எலும்பு ஒண்ணு சேர ஆரம்பிச்சிருக்கு, ஆனா மெதுவாத்தானாம். கால ஊணி நடக்கறாரா இல்லையான்னு டாக்டர் கேட்டார். அப்பா மேல ஃபேனப் பாத்துட்டு உக்காந்திருந்தார்.

பெரியப்பா: உள்ளே டைட்டானியம் கம்பி இருக்கிறது. அது தாங்கிக்கொள்ளும். ஓய்வு கொடுத்தால் எலும்பு தானாகக் கூடும்.

சாந்தி அத்தை: அண்ணன் சொல்றது சரிதானே. ஒடஞ்ச எடத்துல போய் பாரத்த ஏத்தலாமா?

கவிதா: அத்தை, நீங்களுமா!

கவிதா: பெரியப்பா, கம்பியே தாங்கிக்கறதுதான் சிக்கல். எலும்பு கறாரான ஆளு. பாரம் வந்தாத்தான் கட்டும், வரலேன்னா இருக்கறதையும் கரைச்சுடும். ஜூலியஸ் வோல்ஃப்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் 1892லயே இத எழுதிட்டார். விண்வெளியில மாசக்கணக்கா மிதக்கறவங்களுக்கு இடுப்பு எலும்பு மாசம் 1 சதவீதத்துக்கு மேல கொறையுது.

முரளி: பாரம் வந்திருக்குன்னு எலும்புக்கு எப்படித் தெரியும் கவி?

கவிதா: அதான்ணா அழகே. எலும்புக்குள்ள முடிய விட மெல்லிசா கால்வாய்ங்க இருக்கு, அதுல நீர். கால ஊணினா எலும்பு துளியூண்டு வளையும், நீர் நகரும். அந்த ஓட்டத்த உள்ள இருக்கற செல்லுங்க உணர்ந்து, இங்க கட்டுங்கன்னு மத்த செல்லுங்களுக்குச் சேதி அனுப்பும்.

பெரியப்பா: அப்படியானால் இன்னும் உறுதியாக ஸ்டீலே வைத்திருக்கலாமே?

கவிதா: உறுதி வேற, விறைப்பு வேற பெரியப்பா. உறுதின்னா ஒடையாம தாங்கறது, விறைப்புன்னா வளைஞ்சு குடுக்காம நிக்கறது. டைட்டானியம் எலும்ப விட சுமார் 6 மடங்கு விறைப்பு, ஸ்டீல் சுமார் 10 மடங்கு. ரெண்டு பேர் சேந்து தூக்கினா விறைப்பானவன் தோள்லதான் சுமை அதிகம் ஏறும். இன்னொருத்தன் சும்மா கூட நடந்து வருவான். எலும்ப அப்படி சோம்பேறி ஆக்கக் கூடாது.

சாந்தி அத்தை: அடடா. என் நாத்தனாருக்கு மூணு மாசம் கழிச்சு ஒரு ஸ்க்ரூவ மட்டும் கழட்டினாங்களே, இதுக்குத்தானா? ஆபரேஷன் ஃபெயிலுன்னு நாங்க அழுதோம்.

கவிதா: இதுக்காத்தான் இருக்கும் அத்தை. கம்பிய எலும்போட பூட்டி வைக்கறது ஸ்க்ரூதான். ஒண்ண எடுத்தா, நடக்கறப்போ ஒடஞ்ச ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு அழுந்தும். அதுக்காக ரொம்ப ஆடவும் கூடாது. ஆடினா எலும்புக்குப் பதிலா வெறும் நார்தான் வளரும்.

கவிதா: அப்புறம், உலோகம் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது. திரும்பத் திரும்ப வளைஞ்சா ஒரு நாள் பட்டுன்னு போயிடும். எலும்பு கூடறது முந்தியா, கம்பி ஒடியறது முந்தியா, அதான் போட்டி.

பெரியப்பா: நான் நடக்காவிட்டால் கம்பியும் வளையாதே.

பெரியம்மா: ராத்திரி வாக்கர் இல்லாம, முழுக் காலையும் ஊணி பாத்ரூம் போறது யாராம்?

முரளி: அப்பா!!

கவிதா: பகல்ல ஒண்ணுமே இல்ல, ராத்திரி முழு எடையா? டாக்டர் எவ்வளவு ஊணச் சொன்னார்ணா?

முரளி: இப்போதைக்கு 20 கிலோ.

கவிதா: அப்போ எடை மெஷின் மேல அந்தக் கால வச்சு, முள்ளு 20 காட்டற வரைக்கும் அழுத்திப் பாருங்க பெரியப்பா. அஞ்சாறு தடவ செஞ்சா காலுக்கே அளவு பழகிடும்.

பெரியப்பா: சரி சரி. வாக்கரை யார் பரணில் போட்டது?

பெரியம்மா: நீங்கதான் போடச் சொன்னீங்க.